நமூரா, நம்மூரா? தாழங்குடாவில் ஒதுங்கிய ஒரு கப்பல் கட்டை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ. மழை. அது போதாதென்று சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்து நாலைந்து நாள் இருக்கும். என்னிடம் ஒருகாலத்தில் வரலாறு படித்த பையன், இப்போது தாழங்குடாவில் படகு வைத்திருக்கிறான், காலை ஆறு மணிக்குப் போன் செய்தான். “சார், கரையில பெரிய கட்டை ஒண்ணு ஒதுங்கியிருக்கு. ஆணியெல்லாம் இருக்கு. வெள்ளைக்காரன் கப்பல்னு பேசிக்கிறாங்க. ஆளாளுக்கு ஆணியப் புடுங்குறதுக்குள்ள வந்துடுங்க.”

நான் போனபோது ஏழு ஆகவில்லை. முகத்துவாரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், அலை ஏறும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளம் கொண்டுவந்த வாழைமரம், தெர்மகோல், செருப்பு, ஆகாயத்தாமரை எல்லாவற்றுக்கும் நடுவில் அது கிடந்தது. சுற்றி முப்பது பேர். பெரிய ஆணிகளில் இரண்டு ஏற்கெனவே போயிருந்தன. பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் ஈரமாக, வெளிறித் தெரிந்தன.

மூன்று பலகைகள் பக்கத்தில் பக்கம் சேர்ந்து, உள்பக்கம் இரண்டு வங்குகளில் அறைந்தபடி இருந்தன. வங்கு என்றால் கப்பலின் விலா எலும்பு என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் 11 அடி 4 அங்குலம். அகலம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. பலகைக் கனம் இரண்டரை அங்குலம். வெளிமுகம் முழுக்கச் சின்னச் சின்ன ஆணித் துளைகள், அம்மைத் தழும்பு மாதிரி. பத்துப் பதினைந்து இடங்களில் மட்டும் தலையோடு ஆணி மிச்சம். எல்லாம் செம்பு நிறம்.

கூட்டத்தில் அந்தப் பையன்தான் முதலில் சொன்னான்: “சார், நீங்க கிளாஸ்ல சொல்வீங்களே, நமூர், அதுவா இருக்குமோ?” தப்பு என்னுடையது. நமூர் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் இந்தக் கரையில் புயலில் மூழ்கிய கதையை வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் கொஞ்சம் உணர்ச்சியாகவே சொல்லிவந்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் காதில் அது “நம்மூர்” என்று விழ, மத்தியானத்துக்குள் தேவனாம்பட்டினம் வரைக்கும் “நம்மூர்க் கப்பல் ஒதுங்கியிருக்காம்” என்று பரவிவிட்டது.

இந்த ஊருக்கு கரையொதுங்குவது புதிதில்லை. சமணர்கள் கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்துவந்து ஏறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் இன்னும் பெயரோடு இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கடல் எதைத் தள்ளினாலும் இங்கே அதற்கு உடனே ஒரு பெரிய பெயர் வைத்தாக வேண்டும்.

பெயருக்குப் பஞ்சமில்லை

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டி ஏற்றி இறக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் கப்பல்கள் திரிகோணமலைக்கோ பம்பாய்க்கோ கிளம்பிவிட வேண்டும் என்பது மாலுமிகளுக்குத் தெரிந்த பாடம். தெரியாமல் நின்றவர்களும், போர் என்பதால் நிற்க நேர்ந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

நமூர் மாட்டியது மழைக்காலத்தில்கூட இல்லை, சித்திரையில். 1748-இல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டு, மழை வந்ததும் கைவிட்டுத் திரும்பினார். அடுத்த ஏப்ரலில் அவருடைய கொடிக்கப்பலான நமூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைப் பக்கம் இருந்தபோது புயல் பிடித்தது. கப்பலோடு 520 பேர் போனார்கள். பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். பெம்ப்ரோக் என்ற இன்னொரு போர்க்கப்பலும் அதே புயலில் உடைந்தது. அதில் முந்நூறு பேருக்கு மேல் சாவு. ஆங்கிலேயர் கணக்கில் இது ஏப்ரல் 13-ஐ ஒட்டி நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் நாட்காட்டியில் அதே நாள் ஏப்ரல் 24. இங்கிலாந்து புது நாட்காட்டிக்கு மாறியது 1752-இல்தான். இந்தப் பதினொரு நாள் வித்தியாசம் தெரியாமல் ஒரே புயலை இரண்டு புயலாக எண்ணியவர்கள் உண்டு. நானும் ஒருகாலத்தில் எண்ணியிருக்கிறேன்.

அடுத்தது 1758. ஏப்ரல் 28 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியை ஏற்றிக்கொண்டு கடற்படைத் தலைவர் தாஷேயின் கப்பல்கள் கடலூருக்கு எதிரே வந்து நின்றபோது, இங்கே இருந்த ட்ரைட்டன், பிரிட்ஜ்வாட்டர் என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் பிடிபடாமலிருக்கத் தாமே கரையேறித் தீ வைத்துக்கொண்டன. மறுநாள் நடந்த கடற்போருக்குப் பிறகு பியேன் எமே என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆலம்பரைப் பக்கம் கரையில் மோதி உடைந்தது. அப்புறம் 1761 ஜனவரி 1. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது வந்த புயலில் ஆறு கப்பல்கள் நாசம். நியூகாசில், குவீன்பரோ, புரொடெக்டர் மூன்றும் புதுச்சேரிக்குத் தெற்கே கரையில் ஏறின. சண்டர்லாண்ட், டியூக் தாக்கித்தேன், டியூக் மூன்றும் ஆட்களோடு மூழ்கின. சுமார் 1,100 பேர் இறந்தார்கள். அதே மாதம் புதுச்சேரி விழுந்தது, புதுச்சேரி நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்ணை மூடினார்.

ஆக, கடலூருக்கும் ஆலம்பரைக்கும் இடையில் ஒரு கட்டை ஒதுங்கினால் அதற்குச் சூட்ட இத்தனை பெயர்கள் தயாராகக் காத்திருக்கின்றன. ஆபத்தே அங்கேதான். பெயரை முதலில் வைத்துவிட்டால், கண்ணில் படுவதெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாகவே தெரியும்.

முதல் நாள்

கட்டையை நகர்த்தவில்லை. கிடந்த இடத்தைப் போனில் ஜி.பி.எஸ். குறித்துக்கொண்டு, எந்த முகம் மேலே, தலை எந்தத் திசை என்று எழுதினோம். பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண் சுற்றிச் சுற்றி 160 படம் எடுத்தாள். பள்ளிக்கூடத்து ஒரு அடி மரஸ்கேல்தான் அளவுக்கு. அந்தப் படங்களை ஒரு இலவச மென்பொருளில் போட்டு முப்பரிமாண உருவம் செய்தது பிற்பாடு மிகவும் உதவியது. கட்டை கைவிட்டுப் போனாலும் ஒவ்வொரு துளையும் கணினியில் இருக்கும் அல்லவா. மிச்சமிருந்த ஆணிகளுக்கு எண் கொடுத்து, கிராஃப் தாளில் குறித்தோம். பிறகு பதினாலு பேர் சேர்ந்து வலை பின்னும் கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நிழலில் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். வாடைக் காற்று சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் காலையில் நடுப்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. நீரில் ஊறிய பழைய மரத்தின் உள்சுவர்களைத் தாங்கி நிற்பதே தண்ணீர்தான். அது வேகமாக வெளியேறினால் மரம் சுருங்கி வெடிக்கும், உள்ளே இருக்கும் உப்பு படிகமாகி இன்னும் பிளக்கும். ஸ்வீடனில் 1961-இல் தூக்கிய வாசா கப்பலுக்கு 17 வருஷம் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலைத் தெளித்துத் தெளித்துத்தான் மரத்தைக் காப்பாற்றினார்கள். இதெல்லாம் எனக்குப் படிப்பில் தெரியும். கையில் வந்தபோது தோன்றவில்லை.

திட்டியவர் ஓடாவிப் பெரியவர். எழுபத்தாறு வயது. தோணி, வள்ளம் கட்டிய கை. “தண்ணியில கெடந்தது தண்ணியிலயேதான் வாத்தியாரே இருக்கணும். பொணத்த வெயில்ல போடுவியா?” என்றார். அன்றைக்கே கூடத்துக்குப் பின்னால் பள்ளம் தோண்டி, இறால் பண்ணைக்கு விரிக்கும் கறுப்பு ஷீட்டை விரித்து, டிராக்டர் டேங்கில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கட்டையை இறக்கினோம்.

ஓடாவியின் மூக்கு

பெரியவர் முதலில் பார்த்தது மரம். வங்கின் உடைந்த முனையில் உளியால் ஒரு சீவல் எடுத்து, தேய்த்து, மோந்தார். “தேக்கு.” என்னிடமும் நீட்டினார். இத்தனை காலம் கழித்தும் அந்த எண்ணெய் வாசம் லேசாக இருந்தது. குறுக்கு வெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வருஷ வளையத்தின் தொடக்கத்தில் வரிசையாகப் பெரிய துளைகள். ஓக் மரத்திலும் அப்படித் துளை வரிசை உண்டு. ஆனால் அதில் நடுவிலிருந்து வெளியே பாயும் அகலமான கீற்றுகள் வெறும் கண்ணுக்கே பளபளவென்று தெரியும். இதில் அது இல்லை. நமூர் ஓக் கப்பல். 1697-இல் உல்விச்சில் இறங்கி, 1729-இல் டெப்ட்ஃபோர்டில் திரும்பக் கட்டியது. அதன் வயிற்றில் தேக்குப் பலகைக்கு வேலை குறைவு.

குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் இங்கே செப்பனிட்டபோது தேக்கைப் போட்டிருக்கலாம். மறுபக்கம், தேக்கு என்றாலே உள்ளூர்த் தோணி என்றும் ஆகிவிடாது. பம்பாயில் 1817-இல் தேக்கில் கட்டிய ட்ரிங்கோமலி என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. மரம் ஒரு குறிப்புதான். பலகைக் கனமும் அப்படியே: பெரிய போர்க்கப்பல்களின் அடிப்பலகை நாலு அங்குலம் வரும், நம்முடையது இரண்டரை. சின்னக் கப்பல், அவ்வளவே சொல்லலாம்.

இரண்டாவது, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த அடைப்பு. தண்ணீர் புகாமல் சந்தை அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். போர்த்துகீசியன் கொண்டுவந்து இங்கேயே ஊறிப்போன சொல். ஐரோப்பியத் தளங்களில் பழைய சணல் கயிற்றைப் பிரித்து நாராக்கி, தார் பூசி அடிப்பார்கள். பெரியவர் ஒரு கம்பியை அடுப்பில் சூடாக்கி, சந்திலிருந்து சுரண்டி எடுத்த கறுப்புப் பிசுக்கில் வைத்தார். ஒரு நூல் அளவு புகை எழுந்தது. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. கோயில் வாசனை. “குங்கிலியம்” என்றார் பெரியவர், ஏதோ பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி. குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பஞ்சோடு சேர்த்து அடிப்பது நம் பக்கத்து வழக்கம். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தாராம். தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய கலய நாயனார் கதை தெரிந்த ஊரில், அதே பொருள் கப்பலின் சந்துக்கும் போயிருக்கிறது. பிசினுக்குள் இருந்த இழையும் பருத்தி. எரிந்தபோது காகிதம் போல எரிந்து மென்மையான சாம்பல் விட்டது.

கட்டியது இங்கேயோ, இல்லை இங்கே ஒருதரம் பெரிதாகச் செப்பனிட்டார்களோ, இந்தக் கரையின் கை பட்டது உறுதி. “நமூர் இல்ல, நம்மூர்தான்” என்று பெரியவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு அது போதவில்லை. காலம் வேண்டும்.

டச் கடையில்

வெளிமுகத்துச் சின்ன ஆணிகள் பலகையைச் சேர்ப்பதற்கானவை இல்லை, தகடு அறைவதற்கானவை. கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தபோது துளைகள் நெருக்கமான வரிசைகளாகவும், நடுவில் பரவலாகவும் விழுந்தன. நெருக்கமான வரிசைகளுக்கு இடையே சுமார் 13 அங்குலம். கப்பல் அடிக்கு அடிக்கும் தகடு வழக்கமாக 4 அடிக்கு 14 அங்குலம் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கழித்தால் கணக்குப் பொருந்துகிறது. ஆக, இந்தக் கப்பலுக்கு அடியில் உலோகச் சட்டை இருந்திருக்கிறது.

இந்தச் சட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. வெப்பக் கடலில் மரத்துக்கு முதல் எதிரி கப்பற்புழு. மரத்தைத் துளைத்துத் தேன்கூடாக்கிவிடும். நமூர் காலத்தில் அதைத் தடுக்க, தாரும் மயிரும் பூசி மேலே மெல்லிய பலகையை அறைவார்கள். செப்புத் தகட்டை ஆங்கிலக் கடற்படை முதன்முதலில் சோதித்தது 1761-இல், அலாரம் என்ற கப்பலில். தகடு புழுவைத் தடுத்தது. ஆனால் கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்பு கரையும். பலகையைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் தின்னப்பட்டுப் போயின. 1780 வாக்கில் கடற்படை முழுக்கத் தகடு அடித்தபோது இது பெரிய தலைவலியாகி, அதற்குப் பிறகுதான் ஆணிகளையும் செம்புக் கலவையில் செய்யத் தொடங்கினார்கள்.

எங்கள் ஆணிகள் செம்பு நிறம். அப்படியானால் 1780-களுக்குப் பிறகு. நமூரும் 1758-ம் 1761-ம் போயிற்று. இத்தோடு நிறுத்தியிருந்தால், 1783-இல் கடலூருக்கு எதிரே பிரெஞ்சு சஃப்ரனும் ஆங்கிலேய ஹியூஸும் மோதிய கடற்போருக்கு இந்தக் கட்டையை இழுத்துவிட்டிருப்பேன். ஆசையாகத்தான் இருந்தது.

தடுத்தது நகைக்கடை. திருப்பாதிரிப்புலியூரில் தங்கத்துக்கு டச் பார்க்கும், அதாவது தரம் சோதிக்கும் கடை ஒன்றில் எக்ஸ்-கதிர் இயந்திரம் இருக்கிறது. பொருளை உள்ளே வைத்தால் என்னென்ன உலோகம், எத்தனை சதவீதம் என்று அரை நிமிஷத்தில் சொல்லும். தொல்லியல் ஆய்வகங்கள் பயன்படுத்துவதும் இதே தத்துவம்தான். ஒரு ஆணியைத் துடைத்து எடுத்துப்போனேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். செம்பு 86, துத்தநாகம் 9, மிச்சம் சில்லறை.

ஒன்பது சதவீதத் துத்தநாகம் கொண்ட கப்பலாணி எனக்கு எந்தக் கணக்கிலும் வரவில்லை. “மேல் தோல் ஏமாத்தும் சார். கொஞ்சம் அரம் போட்டுப் பாக்கலாமா?” என்று கேட்டவர் கடைக்காரர்தான். பழைய நகைக்கு அவர்கள் எப்போதும் செய்வதுதான். தலையின் ஓரத்தில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தார். சிவப்புத் தோலுக்கு அடியில் மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள். திரும்ப வைத்தோம்: செம்பு 60.8, துத்தநாகம் 38.6.

இது பொதுவான பித்தளை இல்லை. பர்மிங்காம்காரர் ஜார்ஜ் மன்ட்ஸ் 1832-இல் காப்புரிமை வாங்கிய கலவை: அறுபது பங்கு செம்பு, நாற்பது பங்கு துத்தநாகம். சுத்தச் செம்பைவிட மலிவு என்பதால் சீக்கிரமே வணிகக் கப்பல்கள் இதற்கு மாறின. மஞ்சள் உலோகம் என்றே பெயர். இதற்கு ஒரு குணம்: கடல்நீரில் கிடந்தால் துத்தநாகம் மட்டும் மெல்ல மெல்லக் கரைந்து போய், செம்பு தோலாக நிற்கும். அதனால்தான் எங்கள் ஆணி செம்பு வேஷம் போட்டது. வேறு மூன்று ஆணிகளை அரம் போட்டுப் பார்த்தோம். மூன்றும் அதே மஞ்சள், அதே கணக்கு.

பழைய கப்பலுக்குப் புதுத் தகடு அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1749-இல் மூழ்கியதற்கும் 1758-இல் எரிந்ததற்கும் 1761-இல் உடைந்ததற்கும் 1832-க்குப் பிறகு யாரும் தகடு அடிக்க முடியாது. நாலு பைசா பெறாத ஒரு ஆணி, என் வகுப்பறைக் கப்பல்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டது. “தங்கம் ஏதும் இல்ல சார்” என்றார் கடைக்காரர் அனுதாபத்தோடு.

கார்பன் சோதனை செய்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். டெல்லியில் அதற்கான முடுக்கி மையம் இருக்கிறது. ஆனால் 1650-க்குப் பிந்தைய மூன்று நூற்றாண்டுகளில் காற்றில் இருந்த கதிரியக்கக் கார்பன் ஏறி இறங்கி விளையாடியதால், ஒரே அளவுக்கு இரண்டு மூன்று காலகட்டங்கள் பொருந்தும். 1749-ஐயும் 1850-ஐயும் அது பிரித்துக் காட்டாது. இந்தக் கேள்விக்கு அரம்தான் சரியான கருவி.

சேறு

இனி, எங்கிருந்து வந்தது? எல்லோரும் கடலைத்தான் காட்டினார்கள். கடலில் வாரக்கணக்கில் மிதந்து வரும் எந்த மரத்திலும் காம்போடு தொங்கும் கொட்டலசு என்ற ஓட்டுப் பிராணி கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கும். அந்த வகை மிதக்கும் பொருளில்தான் ஒட்டி வளரும். எங்கள் கட்டையில் ஒன்றுகூட இல்லை. துளைகளிலும் வங்கு இடுக்கிலும் இருந்தது கரேலென்ற சேறு. குச்சியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் நெடுங்காலம் புதைந்திருந்ததற்கு அது அடையாளம். மரம் இவ்வளவு நன்றாக இருந்ததற்கும் அதுவே காரணம், காற்றில்லாத இடத்தில் கப்பற்புழு வாழாது. சேற்றை வாளியில் கரைத்து வடிகட்டியபோது நீண்டு முறுக்கிய சின்ன நத்தை ஓடுகள் வந்தன. பையன் பார்த்ததும் சொன்னான்: “இது கடல்ல கெடைக்காது சார். கழிமுகத்துல, ஓடையில, சேத்துல ஊர்றது.”

அப்புறம்தான் வெளிமுகத்தை மறுபடி பார்த்தோம். பல துளைகளின் ஓரத்தில் மரம் ஒரே பக்கமாக நசுங்கியிருந்தது. கடப்பாரை போல ஒன்றைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பிய தழும்பு. வரிசையாக, பொறுமையாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. ஒரு துண்டுத் தகடுகூட மிச்சமில்லை. புயலில் உடைந்த கப்பலுக்கு யாரும் இப்படி உட்கார்ந்து தோலுரிக்க மாட்டார்கள்.

ஆகவே என் முடிவு இது. 1832-க்குப் பிறகு, அநேகமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஓடிய ஒரு வணிகக் கப்பல் அல்லது பெரிய தோணி. தேக்கு உடம்பு. குங்கிலியக் கலப்பற்று, மஞ்சள் உலோகச் சட்டை. வயதான பிறகு தென்பெண்ணைக் கழிமுகத்தில் இழுத்துப் போட்டு, விலை போகும் தகட்டை உரித்துக்கொண்டு, உடம்பைச் சேற்றில் விட்டுவிட்டார்கள். 2024 வெள்ளம் ஆற்று வாயை அரித்தபோது ஒரு விலாத் துண்டு வெளியே வந்தது. கப்பல் மூழ்கவே இல்லை. கிழடாகிச் செத்திருக்கிறது. உரித்தவர்களும் முதல் நாள் காலையில் ஆணி பிடுங்கியவர்களும் ஒரே கடையை நினைத்துத்தான் செய்திருப்பார்கள்: பழைய இரும்பு, பித்தளை, செம்பு வாங்கப்படும்.

இதே 2024-இல், பிப்ரவரியில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னியில் சாண்டே என்ற தீவில் புயலுக்குப் பின் பன்னிரண்டு டன் ஓக் மரம் கரையில் தெரிந்தது. முதலில் கண்டது ஒரு பள்ளிச் சிறுவன். ஊர்க்காரர்களே டிராக்டர் கொண்டு இழுத்தார்கள், ஊர்க்காரர்களே பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். மர வளையத்தை எண்ணியவர்கள், தெற்கு இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வெட்டிய மரம் என்றார்கள். 2025 ஜூலையில் பெயரே கிடைத்துவிட்டது: ஏர்ல் ஆஃப் சாத்தம். அதற்கு முன் ஹிண்ட் என்ற போர்க்கப்பல். கட்டியது சிச்செஸ்டரில், 1749-இல், நமூர் இங்கே மூழ்கிய அதே வருஷம். கடற்படை கழித்துவிட்ட பிறகு திமிங்கில வேட்டைக்குப் போய், 1788-இல் சாண்டேயில் உடைந்தது. 56 பேரும் தப்பினார்கள். மரத்தை நல்ல தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

படித்தபோது பொறாமையாக இருந்தது. அவர்களுக்கு ஓக் வளைய வரிசை நூற்றாண்டுக் கணக்கில் தயாராக இருக்கிறது. போர்க்கப்பல் என்பதால் பிறந்த நாள் முதல் காகிதம் இருக்கிறது. நம் தோணிகளுக்குக் காகிதம் எங்கே? ஆனந்தரங்கப் பிள்ளை போல ஒருவர் சொந்தக் கப்பல் வைத்து அதற்கு ஆனந்தப் புரவி என்று பெயரிட்டால் பெயர் நிற்கும். உப்பும் அரிசியும் கருவாடும் ஏற்றிப் போனவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சட்டப்படி செய்யவேண்டியதையும் செய்தேன். மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பழம்பொருளைக் கண்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது தொல்பொருள் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். படம், வரைபடம், இயந்திரத்தின் அச்சுத்தாள் எல்லாம் வைத்து ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தது: மேற்படி மரத்தின் உரிமையாளர் யார்? பதில் எழுதியிருக்கிறேன்.

பிடுங்கிப் போன இரண்டு ஆணிகளில் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து எடைக்கு எடை பணம் கொடுத்து மீட்டேன். 1 கிலோ 340 கிராம். மற்றது உருகியிருக்கும். கட்டை இன்னும் கறுப்பு ஷீட் பள்ளத்தில் கிடக்கிறது. சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் தண்ணீர் மாற்றுகிறார்கள். வடித்த தண்ணீரை நாக்கில் வைத்து உப்புக் குறைந்ததா என்று பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு. நான் ஒரு சின்ன மீட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டேன், நாக்கைவிட அது நல்லது.

ஓடாவிப் பெரியவருக்குக் கட்டையில் இப்போது ஆர்வம் போய்விட்டது. வங்கு வளைவை வைத்துக் கணக்குப் போட்டு, இது நடுவயிற்றுத் துண்டு, அணியம் அமரம் (முன்பக்கம், பின்பக்கம்) இரண்டும் ஏராவோடு, அதாவது அடிமரத்தோடு, இன்னும் உள்ளேதான் இருக்கும் என்கிறார். போன வாரம் தண்ணீர் வற்றிய நேரத்தில் என்னை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனார். வடக்குக் கரையில் ஒரு இடத்தில் நின்று, காலால் சேற்றை மிதித்துப் பார்த்து, இருபத்தெட்டு எட்டு நடந்து, ஒரு மூங்கில் கழியை நட்டார். “அடுத்த வெள்ளத்துக்கு அப்புறம் இங்க வந்து பாரு வாத்தியாரே. அதுக்குள்ள கழியை எவனும் புடுங்காம இருந்தா.”